அந்தோணியார் சேவலும் நான் தீர்த்த சதையும்

ஒரு பெண்ணின் மார்பிலிருந்து நோய் பார்க்க எடுத்த சதையை நான் என் ஆசைக்குச் செலவழித்துத் தீர்த்தேன். தீர்த்துவிட்டு, "சதை போதவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும்" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சதை போதுமானதாக இருந்தது.

நோய்க்குறியியலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டீர்கள். நான் கண்டுபிடித்த அபூர்வ நோய்களைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிய காகிதங்கள் மேசை டிராயரில் கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். இதில் ஒரு சேவல் வரும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நானும் சிரித்திருக்கிறேன், பிறகு அதற்காக வெட்கப்பட்டும் இருக்கிறேன்.

எண்பதுகளின் முற்பாதி. பாம்பனில் ரோட்டுப் பாலம் திறக்கவில்லை, தீவுக்கு ரயில்தான். நான் ராமநாதபுரத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் இருந்தேன். அது இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. என் ஆய்வகம் இருந்த மூலையில் பாயசம் காய்ச்சுகிறார்கள்.

ஹயலூரானிக் அமிலம் உங்களுக்குத் தெரியும். இதை உங்கள் வீட்டாரும் படிக்கலாம் என்பதால் ஒரு வரி சொல்கிறேன். பெயரில்தான் அமிலம், ஆளைச் சுடாது. செல்களுக்கு இடையில் நுங்கின் சதையைப் போல வழவழவென்று இருக்கும் பொருள் அது. மூட்டில் உண்டு, கண்ணுக்குள் உண்டு, தொப்புள்கொடியில் உண்டு. சேவலின் கொண்டையில் மிக அதிகம். இப்போது அதை முகத்தில் பூசிக்கொள்கிறார்கள். அன்று எனக்கு அதைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது. பெண்களின் மார்பிலும் சூலகத்திலும் வரும் புற்றுநோயில் கெட்ட செல்களைச் சுற்றி இந்தப் பொருள் ஏன் இப்படிக் குவிகிறது? சேற்றில் விலாங்கு வழுக்கிப் போவதுபோல, செல்கள் இதில்தான் வழுக்கிப் பரவுகின்றனவா? வெளிநாட்டில் சிலர் இதைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ராமநாதபுரத்திலிருந்து நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அதற்கு ஒரு நீலச் சாயம். ஒரே சதையில் இரண்டு சீவல் எடுத்து, ஒன்றை மட்டும் இந்தப் பொருளைத் தின்னும் நொதியில் ஊறவைத்து, இரண்டுக்கும் நீலம் ஏற்ற வேண்டும். ஊறியதில் நீலம் மறைந்து மற்றதில் நின்றால், நின்றது நம் ஆள்தான். அந்த நொதி கிடாயின் விதையில் கிடைக்கும். சாயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சேவல் கொண்டை வேண்டும்.

இரண்டையும் வாங்கி வருவது என் டெக்னீஷியன் காதர். யாருக்கு என்று கறிக்கடைக்காரர் கேட்டபோது, எங்கள் டாக்டருக்கு என்று அவர் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். வாரம் மூன்று முறை. எங்கள் மூன்றாவது பெண் பிறந்த செய்தி கேட்டுக் கறிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதுபோல் ஒரு பெருமை முகத்தில் இருந்தது. நான் மறுக்கவில்லை. நீலச் சாயத்தைப் பற்றி நடுத்தெருவில் எப்படி விளக்குவது?

அந்த மருத்துவமனையில் அறுவை அறையிலிருந்து ஆய்வகத்துக்குச் சதை வரும் பாட்டிலை நோயாளியின் வீட்டார்தான் சுமந்து வருவார்கள். ஆள் போதாததால் வந்த பழக்கம். ஒரு தவக்காலத்தில் அந்தப் பாட்டிலை நோயாளியே கொண்டுவந்தார். பெயர் அருளம்மாள். தங்கச்சிமடத்துக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் குடியிருப்பில் மீன் விற்பவர். கணவர் சூசை கடலுக்குப் போயிருந்தார். மார்பில் கட்டி, மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு துண்டு எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்டதும் எழுந்து நடந்து வந்து, பாட்டிலை என் மேசையில் வைத்தும் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்மாத்துண்டுதான் எடுத்திருக்காக டாக்டரய்யா. தொலைச்சுராதீக."

நான் சிரித்துக்கொண்டே வாங்கிவைத்தேன்.

முதல் ஸ்லைடில் ஓரமாகச் சில செல்கள் சந்தேகமாக இருந்தன. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாக இரண்டு சீவல் வெட்டினால் தெரிந்துவிடும். முதல் மாதப் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லித்தருவது அது. நான் அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி இருந்த இடத்தைப் பார்த்தேன். அவ்வளவு அகலமாக, மினுமினுவென்று, நீலத்துக்காகவே படைத்ததுபோல் இருந்தது. நீலத்துக்கு வெட்டச் சொன்னேன். முதல் தடவை சாயம் திட்டுத்திட்டாக விழுந்தது. மறுபடி வெட்டச் சொன்னேன். மூன்றாம் தடவைக்கான சீவலை எடுத்ததும் காதர் கத்தியை நிறுத்திவிட்டு, "சார், கட்டையில மெழுகுதான் வருது," என்றார்.

மூன்றாவது ஸ்லைடு மிக அழகாக வந்தது. அதைப் படம் எடுத்தேன். அதன் பிறகுதான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நோய் என்று எழுதத் துணிவில்லை, இல்லை என்று எழுதவும் துணிவில்லை. "போதவில்லை" என்பது மிக வசதியான சொல். அதை எழுதினால் பழி முழுவதும் வெட்டி எடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் அறுவை மருத்துவர் ஒரு அம்மா, கண்டிப்பானவர், பெயர் வேண்டாம். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு, தன் கைதான் தவறிவிட்டது என்று நம்பினார். சதை போதாமல் ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வரவும் என்று தீவுக்குத் தபால் அட்டை அனுப்பினார். அருளம்மாள் வரவில்லை.

அவர் ஏன் வரவில்லை என்பது ஜூன் மாதம் எனக்குத் தெரிந்தது. கொண்டைக்கு நான் அலைவதைப் பார்த்துக் காதர் ஒரு யோசனை சொன்னார். தீவில் ஒரு அந்தோணியார் கோயில் திருவிழா. நேர்ந்துவிட்ட சேவல்களை அன்று கோயிலில் கொடுப்பார்கள், கோயிலார் அவற்றை ஏலம் விடுவார்கள். "நேந்துவிட்ட சேவல் சார், யாரும் கை வைக்காம ராசா மாதிரி வளந்திருக்கும். கொண்டையப் பாத்தியள்னா மயங்கிருவீக." நானும் ஒரு அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏலத்துக்கு முன்பு நான் ஒவ்வொரு கொண்டையாக அளப்பதைப் பார்த்து, அரசாங்கத்தில் சேவலுக்கு ஏதோ கணக்கெடுக்கிறார்கள் என்று இரண்டு பேர் தங்கள் சேவலை மறைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு செஞ்சேவல். கொண்டை செம்பருத்திப் பூவை விரித்து வைத்ததுபோல் இருந்தது. எதிர்த்துக் கேட்ட லாட்ஜ்காரரை வென்று அதை நான் எடுத்தேன். சேவல் என் கைக்கு வந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"அது நான் நேந்த சேவல் டாக்டரய்யா."

அருளம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற பெண்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார்: ராம்நாட்டில் பெரிய மிசினில் பார்க்கிற டாக்டர் இவர்தான். அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டு என் சதையைக் கொடுத்தேன். இவர் எத்தனை தடவை பார்த்தும் அதில் ஒன்றும் தெரியவில்லையாம். இருந்தால் அந்த மிசினுக்குத் தெரியாமல் போகுமா? ஆகவே நேர்ச்சையை முடித்துவிட்டேன் என்றார். பெண்கள் என்னை நன்றியோடு பார்த்தார்கள். ஒருத்தி என் கையில் பொரிகடலை கொடுத்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். நான் பொரிகடலையைத் தின்றேன்.

ஆய்வகத்துக்கு வந்த சேவலைக் காதர் முற்றத்தில் கட்டினார். மறுநாள் காலை, "வெட்டிருவமா சார்?" என்றார். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதையே சொன்னேன். அந்தக் கொண்டையைப் பார்த்தால் எனக்கு அருளம்மாளின் சிரிப்பு வந்து நின்றது. இரண்டு வாரத்தில் காதர் கேட்பதை விட்டுவிட்டு அதற்குப் பெயர் வைத்தார். சாயத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளும் சதையை நாம் கண்ட்ரோல் என்போம் அல்லவா? சேவலின் பெயர் கண்ட்ரோல். "கண்ட்ரோல் கூவிருச்சு சார், டீ சொல்லவா?" என்பார். கண்ட்ரோல் சாயப் புட்டிகளைத் தட்டிவிட்டது. மலப் பரிசோதனைக்கு வந்தவர்களைத் துரத்தியது. காதருக்கு நடந்தது முழுவதும் தெரியும். கட்டையை வெட்டியவர் அவர்தானே. சேவலுக்குத் தீனி போடும்போது என்னைப் பார்த்துக்கொண்டே போடுவார்.

ஆகஸ்டில் ஒரு நாள் அறுவை மருத்துவர் அம்மா ஒரு ஸ்லைடு பற்றிக் கேட்க வந்தார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் கண்ட்ரோல் கூவியது. மூன்றாவது முறை அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "லேப்ல எதுக்கு டாக்டர் சேவல்?" என்றார்.

சாதாரணக் கேள்வி. ஆராய்ச்சிக்கு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எங்கே வாங்கினது என்று கேட்டார், சொன்னேன். ஏன் வெட்டவில்லை என்று கேட்டார். அதற்குப் பொய் எதுவும் என்னிடம் தயாராக இல்லை. நூலைப் பிடித்து இழுத்தால் பொட்டலம் அவிழ்வதுபோல் எல்லாம் வெளியே வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் ஸ்லைடைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஆழமா ரெண்டு செக்‌ஷன் வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அஞ்சு மாசமா நான் என் கையத் திட்டிட்டு இருக்கேன்," என்றார். பிறகு எழுந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "என்கிட்ட சொல்றது சுலபம் டாக்டர். அந்த அம்மாகிட்ட போய் சொல்லுங்க. அவங்களோட திரும்பி வாங்க."

மறுநாள் காலை ரயிலில் போனேன், சேவலோடு. ஏன் சேவலைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று நீங்கள் கேட்கலாம். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நெற்றியில் விபூதி, மடியில் சேவல். எதிரில் ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிற ஒரு குடும்பம். பெரியவர் சேவலையே பார்த்துக்கொண்டு வந்தவர், மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதும் பொறுக்க முடியாமல், ராமநாதசாமி கோயிலில் சேவல் வாங்க மாட்டார்களே என்றார். இது அந்தோணியாருக்கு நேர்ந்தது என்றேன். அப்படியானால் அங்கே கொடுக்கப் போகிறீர்களா? இல்லை, அங்கே ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றேன். அவர் தன் குடும்பத்தை அடுத்த இருக்கைக்கு மாற்றிக்கொண்டார். பாலத்தின் மேல் ரயில் நடக்கிற வேகத்தில் போனபோது கண்ட்ரோல் கடலைப் பார்த்து ஒருமுறை கூவியது. வண்டியே சிரித்தது.

அருளம்மாள் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். சூசை வலை பின்னிக்கொண்டிருந்தார். முதலில் சேவலைத்தான் பார்த்தார்கள், பிறகுதான் என்னை. சூசையின் கை நின்றது.

"அடியே அருளு, அந்தோணியாரு சேவலத் திருப்பி அனுப்பிட்டாருடி."

நான்கு வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். நேர்ச்சை ஏற்கவில்லை, அப்படியானால் நோய் இருக்கிறது, மறுபடி காட்டத்தான் வேண்டும். இதை நான் சொல்லவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது அதுதானே? பேசாமல் நின்றால் போதும். அவர் என்னோடு ரயிலேறிவிடுவார், என் குட்டும் வெளிப்படாது. சேவலை ஏன் தூக்கி வந்தேன் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. என் மனத்துக்குள் ஒரு கள்ளன் இதை முன்பே யோசித்துவைத்திருக்கிறான்.

அருளம்மாளின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. கட்டியைப் பற்றிய பயமாகத் தெரியவில்லை. அந்தோணியார் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்கிற முகம் அது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அந்தோணியார் அனுப்பல. தப்பு என்னோடது," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலச் சாயம் அவர்களுக்குப் புரிந்திருக்காது. அருளம்மாளுக்கு வேண்டிய இடம் மட்டும் புரிந்தது.

"நான் குடுத்தது பத்துச்சா பத்தலையா?"

"பத்துச்சு."

"பெறகு?"

"எனக்கு வேற ஒண்ணு பாக்கணும்னு ஆசை. அதுக்கு எடுத்துத் தீத்துட்டேன்."

"தீத்துட்டு, பத்தலேன்னு எழுதுனீக."

"ஆமா."

சூசை வலை ஊசியோடு எழுந்தார். அருளம்மாள் திரும்பாமலே, "சும்மா இரும்," என்றார். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணிடம், எனக்குக் கேட்கட்டும் என்று, "நானும் இம்புட்டு வருசமா மீன் விக்கிறேன். ஒருத்தி கூடையில கை வச்சதில்ல. படிச்சவுக வச்சிருக்காக," என்றார். நான் தலை குனிந்து நின்றேன். கண்ட்ரோல் என் கையிலிருந்து இறங்கிக் கருவாட்டை மேயப் போனது. யாரும் அதை விரட்டவில்லை.

பிறகு அருளம்மாள் என்னைப் பார்த்தார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

"தொலைஞ்சதத் தேடித் தாரவரு அந்தோணியாரு. பாருங்க, தொலைச்ச ஆளையே புடிச்சு அனுப்பியிருக்காரு. சேவல அவரு ஏத்துக்கிட்டாரு டாக்டரய்யா. நீக தூக்கிட்டுப் போங்க. குடுத்தது குடுத்ததுதான்."

கடவுள் விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை முடியவில்லை.

அவர் வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். இந்தத் தடவை தன் கண்முன்னால் வெட்ட வேண்டும், அந்த மிசினில் தானும் பார்க்க வேண்டும். அப்படியே நடந்தது. ஸ்லைடு தயாராகும்வரை மருத்துவமனையில் தங்கி, என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். மீன் சினை மாதிரி இருக்கிறதே என்றார். எது கெட்டது என்று கேட்டார். வரிசையில் ஒழுங்காக நிற்பவை நல்லவை, முண்டியடித்துக்கொண்டு வெளியே வருபவை கெட்டவை என்றேன். மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நெறைய வெளிய வந்துருச்சு," என்றார். அந்த நோயை அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறிகட்டியிருந்த இடம்வரை போக வேண்டியிருந்தது. ஐந்து மாதம் முன்பே தெரிந்திருந்தால் அதுவரை போயிருக்க வேண்டுமா என்று அறுவை மருத்துவர் அம்மாவிடம் கேட்டேன். "தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதோடதான் நீங்க இருந்தாகணும்," என்றார். பிறகு அருளம்மாளுக்கு மதுரையில் கதிர்வீச்சு.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். பதிவேட்டில் பழைய அறிக்கையை அடித்து, "சதை போதுமானதாக இருந்தது, ஆய்வுக்காக நான் தீர்த்துவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அழகான மூன்றாவது ஸ்லைடை வைத்து ஒரு ஆய்விதழுக்கு எழுதி அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு, அம்மா அனுப்பும் ஒவ்வொரு பாட்டிலோடும் "இது நோயாளிக்கு, நீலத்துக்கு அல்ல" என்று ஒரு சீட்டு வரும். மூல நோய்ச் சதைக்குக்கூட வந்தது.

அறுவை முடிந்து படுக்கையில் இருக்கும்போது அருளம்மாளே ஆள் அனுப்பிக் கேட்டார்: இந்தத் தடவை நிறைய எடுத்தார்களே, மிச்சம் இருக்கிறதா? இருந்தால் உங்கள் நீலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நோய் பார்த்து முடித்த பிறகு, அவர் கொடுத்ததிலிருந்து எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அடர்ந்த நீலத்தைப் பார்த்ததில்லை. பின்னாளில் குளிர் நாடுகளிலிருந்து ஆய்வுகள் வந்தன. பெண்களின் புற்றுநோயில் இந்தப் பொருள் சுற்றிலும் அடர்ந்திருந்தால் நோயின் போக்குப் பெரும்பாலும் நல்லதாக இல்லை என்று. என் சந்தேகம் சரிதான். அந்த ஸ்லைடை நினைத்து ஒவ்வொரு வருடமும் பயந்தேன். ஒவ்வொரு வருடமும் அருளம்மாள் ரயிலேறி வந்தார். பாலம் திறந்த பிறகு பஸ்ஸில் வந்தார். என் நீலத்தை அவர் சட்டை செய்யவே இல்லை. நூறு பேருக்குப் பொருந்துவது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. இதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அது மாமிசத்தோடும் கருவாட்டு வாசனையோடும் வந்து சேர்ந்தது.

கண்ட்ரோல் கொண்டையோடு வாழ்ந்து வயதாகிச் செத்தது. சாயத்தைச் சரிபார்க்கப் பிரசவ வார்டில் தொப்புள்கொடி வாங்கிக்கொண்டோம், கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ஆனால் கதை இவ்வளவு நல்லபடியாக முடியவில்லை. அக்குளில் எடுத்ததாலும் கதிர்வீச்சாலும் அருளம்மாளின் இடது கை வீங்கிவிட்டது. மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைக்க முடியாமல் போயிற்று. தெருத்தெருவாக விற்றவர், கடற்கரையில் உட்கார்ந்து கருவாடு விற்றார். முதல் தடவை பரிசோதனைக்கு வந்தபோது நேராக என் அறைக்கு வந்து, அந்தக் கையை என் மேசைமேல் வைத்தார். முன்பு பாட்டிலை வைத்த அதே இடம்.

"இது ஒங்க கை டாக்டரய்யா. நான்தான் சுமக்குறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

நாம் உயிருள்ளவரின் கையைத் தொடாத மருத்துவர்கள். ஸ்லைடைத் தொடுவோம், கட்டையைத் தொடுவோம். நான் அம்மாவிடம் போய், வீங்கிய கைக்கு விரலிலிருந்து மேலே பட்டைத்துணி சுற்றுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். மருத்துவமனையில் நர்ஸுகள் சிரித்தார்கள். வார்டுக்கே போகாத டாக்டர் பட்டைத்துணியோடு அலைகிறார் என்று. அதன் பிறகு அவர் வந்தபோதெல்லாம் நான்தான் சுற்றினேன். அந்த மருத்துவமனை மூடிய பிறகு, என் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வந்தார். ஒரு தடவையும் நான் சுற்றியது அவருக்குப் பிடித்ததில்லை.

கடைசியாக வந்தது சென்ற மாதம். சூசை இப்போது இல்லை. முடி முழுக்க வெள்ளை. முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். என் விரல்கள் நடுங்குகின்றன; முன்புபோல் சீராக வருவதில்லை. முழங்கைவரை சுற்றி முடித்து நிமிர்ந்தேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டலம் கட்டுன மாதிரி இருக்கு டாக்டரய்யா. அவுத்துட்டு மொதல்ல இருந்து கட்டுங்க."

அவிழ்த்தேன். விரல் நுனியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.